எழுபத்தாறு காதுகள்

என் மச்சான் பல் டாக்டர். முப்பத்தோரு வருடம் அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தே பிழைத்த மனிதர். அவர் கிளினிக்கை மூடியதும், என் மனைவி என்னைச் சாப்பாட்டு மேசையிலிருந்து நாடு கடத்தியதும் ஒரே வாரத்தில் நடந்தன. நடுவில் ஒரு மாதம் இடைவெளி விட்டிருந்தால்கூட இந்த உலகத்துக்கு ஓர் ஒலிப் பள்ளிக்கூடம் கிடைக்காமல் போயிருக்கும்.

நாடு கடத்தியதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. நான் சாப்பாட்டு மேசையில் வைத்து ஆம்ப்ளிஃபயர் கட்டுவது வழக்கம். ஒரு மதியம் அவள் தட்டில் ஏதோ நெருடியது. எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"இது என்ன?"

"டிரான்சிஸ்டர்."

"சோத்துல என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல. கரண்ட் குடுத்தாத்தான் ஏதாவது பண்ணும்."

அவள் அதை மூன்று காலையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "கறுப்பா இருந்துச்சு, பூச்சின்னு நெனச்சேன்," என்றாள். பூச்சிக்கு ஆறு கால், இதற்கு மூன்றுதான் என்று நான் விளக்கியதை அவள் ரசிக்கவில்லை. "என் தம்பி கிளினிக் சும்மாதான கெடக்கு. உங்க கடைய அங்க கொண்டுபோய் விரிங்க. சாயங்காலம் சாப்பிட மட்டும் வாங்க."

நான் வேலையில் இருந்த காலத்தில் சினிமா தியேட்டர்களுக்கு ஒலி சரிசெய்கிற மெக்கானிக். தற்பெருமை எனக்குப் பிடிக்காது, ஆகவே ஒன்றே ஒன்றைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். ஒரு தியேட்டரில் நான் ஸ்பீக்கர்களைச் சரிசெய்து கொடுத்த பிறகு மழைக் காட்சி வந்தபோது முதல் மூன்று வரிசைக்காரர்களுக்கும் ஜலதோஷம் பிடித்தது. நாலாவது வரிசையில் ஒருவர் குடையை விரித்ததால் பின்னால் இருந்தவர்கள் சண்டைக்குப் போனார்கள். மறுநாள் மேனேஜர் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால் மழையை மட்டும் கொஞ்சம் குறைத்து வைத்தேன்.

இப்படிப்பட்ட கைத்திறமை என்னோடு போய்விடக்கூடாது என்று எனக்குத் தோன்றியதாக மச்சானிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "அக்கா துரத்திட்டாளா அத்தான்?" என்றார். பல் டாக்டர்களிடம் பொய் சொல்வது கஷ்டம். வாயைத் திறந்ததுமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இடம் தந்தார். ஒரே ஒரு நிபந்தனை, அந்த நாற்காலியைத் தொடக்கூடாது. தரையோடு போல்ட் போட்டு இறுக்கிய பெரிய நாற்காலி, ஏறும், இறங்கும், சாயும். தினமும் காலை பத்து மணிக்கு அவர் வந்து அதில் சாய்ந்து பேப்பர் படிப்பார். பதினொரு மணிக்கு வாயைத் திறந்தபடி தூங்குவார். ஆகவே என் பள்ளிக்கூடத்தின் வகுப்புகள் எல்லாம் திறந்த வாய் ஒன்றின் முன்னிலையில்தான் நடந்தன.

மற்றபடி அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நாற்காலிக்கு மேலிருந்த விளக்கை இழுத்துத் திருப்பினால் மேசை மேல் நிழலே விழாமல் வெளிச்சம் கொட்டும். வாய் கொப்பளிக்கிற தொட்டி சுட்ட விரலை நனைக்க உதவும். அலமாரியில் சின்னச் சின்ன இடுக்கிகள், கொக்கிகள், பல்லுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிற குட்டிக் கண்ணாடிகள். வாசலில் வரைந்திருந்த பெரிய வெள்ளைப் பல்லை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. அதன் கீழே, 'ஒலிப்பெருக்கி கட்டக் கற்றுத்தரப்படும். கையால் செய்து பார்க்க வேண்டும். பரீட்சை கிடையாது' என்று எழுதி வைத்தேன்.

முதல் நாள் வந்தவர் வீங்கிய கன்னத்தோடு வந்தார். நான் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்துவிட்டார். நான் சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, ஈயத்தை அதில் தொட்டுப் புகை எழுப்பியதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தார். எழுந்து, வலி போய்விட்டது என்று சொல்லிவிட்டு நடந்தார். அதற்குப் பிறகு அவருக்குப் பல்வலி வந்ததே இல்லையாம். அவர் பேரனுக்கும் வரவில்லை.

இரண்டாம் வாரத்தில் உண்மையான மாணவர்கள் மூன்று பேர் சேர்ந்தார்கள். ஒருவர் பஸ் டிரைவர், ஓய்வுபெற்றவர். முப்பது வருடம் இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததால் எதையும் கத்தித்தான் சொல்வார். இன்னொருவர் தெருமுனை பேக்கரிக்காரர். மாவு பிசைகிற மெஷின் ஓடாத நேரத்தில் கடைக்குள் பாட்டு கேட்க ஆசைப்பட்டார். மூன்றாமவர் டீச்சர்.

டீச்சர் வந்த அன்று அவர் ஏதோ சொன்னார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காகிதத்தோடு காகிதத்தை உரசிய மாதிரி இருந்தது. பக்கத்தில் போய் நின்றேன்.

"தொண்டையில ஆபரேஷன் சார். இவ்ளோதான் இனிமே சத்தம் வருமாம்."

"சரி."

"இடுப்புல மாட்டிக்கிற மாதிரி ஒரு பெட்டி. வாய்கிட்ட ஒரு மைக். கடைசி பெஞ்சுக்குக் கேக்கணும். நானே செய்யணும்."

"கடையிலயே விக்குதே டீச்சர்."

"ரெண்டு வாங்கிட்டேன். ஒண்ணு ஊளையிடுது. இன்னொண்ணு மூணாவது வாரம் நடுப் பாடத்துல நின்னுபோச்சு. கடைக்காரர், தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்கன்னாரு. முப்பத்தெட்டு பேரு என் வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. நான் எதத் தூக்கிப் போட? நின்னா நானே தொறந்து பாக்கணும் சார். அதுக்குத்தான் கத்துக்கணும்."

பஸ் டிரைவர் குறுக்கே வந்தார். "டீச்சர், பழைய பஸ் ஹார்ன் ஒண்ணு வீட்ல கெடக்கு. தரவா? கடைசி பெஞ்ச் என்ன, அடுத்த ஸ்டாப்புக்கே கேக்கும்."

"நான் கணக்கு டீச்சர். ஓவர்டேக் பண்ண மாட்டேன்," என்றார் டீச்சர். சிரிக்கிறபோது அவர் குரல் சுத்தமாக நின்றுவிடும், தோள் மட்டும் குலுங்கும்.

விஷயம் சிரிப்பல்ல. அவருடைய ஹெட்மாஸ்டர் தேதி குறித்துவிட்டார். பள்ளி திறக்கிற முதல் திங்கட்கிழமை, முதல் பீரியடில், அவரே வந்து வகுப்பின் பின்சுவரோரம் நிற்பார். கடைசி பெஞ்சுக்குப் பாடம் கேட்டால் டீச்சருக்கு வகுப்பு. கேட்காவிட்டால் நூலக அறையில் புத்தகங்களுக்கு நம்பர் ஒட்டுகிற வேலை. "புத்தகத்துக்கு நான் பேசினாக் கேக்கும்னு நெனக்கிறாரு போல," என்றார் டீச்சர். அதற்கு அவர் சிரிக்கவில்லை. ஏழு வாரம் இருந்தது.

ஆரம்பித்தோம். முதல் வாரம் முழுக்க ஈயம் வைக்கிற பயிற்சி. உதவாத போர்டு ஒன்றில் ஆளுக்கு நூறு புள்ளி. டிரைவர் சால்டரிங் அயர்னைப் பிரேக் மாதிரி மிதிப்பார். போர்டு கருகும். பேக்கரிக்காரர் ஈயத்தைத் தாராளமாக வைத்து மேலே ஒரு சுழி வேறு போடுவார். "இது கேக் இல்ல," என்றால், "பழக்க தோஷம் சார்," என்பார். டீச்சர் வைத்த நூறும் நோட்டுத் திருத்துகிறவர் போட்ட புள்ளிகள். ஒரே அளவு, ஒரே பளபளப்பு. அவற்றில் மூன்றை அவரே தப்பு என்று வட்டம் போட்டுத் திரும்ப வைத்தார். மச்சான் ஒருநாள் தூக்கத்திலிருந்து விழித்து, டீச்சரின் போர்டைக் குட்டிக் கண்ணாடியால் அடியிலிருந்து பார்த்துவிட்டு, "இந்தம்மா என்கிட்ட வந்திருந்தா நல்லா பல் அடைச்சிருப்பாங்க," என்று சொல்லித் திரும்பவும் சாய்ந்துகொண்டார். அவர் யாரையும் அவ்வளவு புகழ்ந்து நான் கேட்டதில்லை.

என் பள்ளிக்கூடத்தில் அளக்கிற கருவிகள் அதிகம் கிடையாது. அலைகளைத் திரையில் காட்டுகிற மெஷின் ஒன்றை மச்சானின் நண்பர் சும்மாவே தர முன்வந்தார். வேண்டாம் என்றேன். "காதுதான் கருவி. திரையைப் பாத்துப் பாட்டுக் கேக்கறவன், மெனு கார்டைப் பாத்துப் பசியாறுறவன்," என்று மாணவர்களிடம் சொன்னேன். டிரைவர் இதை வாய்விட்டுப் பாராட்டினார். பாராட்டு கிடைத்தால் எனக்குப் புத்தி கொஞ்சம் மங்கும் என்பது என் மனைவியின் கருத்து.

மூன்று பேரும் கட்டியவை சின்ன பேட்டரிப் பெட்டிகள். பாகங்களோடு வந்த வரைபடத்தில் எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. பேட்டரி. அதன் குறைந்த வோல்டேஜை உயர்த்திக் கொடுக்கத் தபால் தலை அளவில் ஒரு குட்டி போர்டு. அதற்குப் பிறகு கரண்டை வடிகட்ட ஒரு கபாசிட்டர். பிறகு ஆம்ப்ளிஃபயர். நான் அந்தக் கபாசிட்டரைச் சிவப்புப் பென்சிலால் குறுக்கே அடித்தேன்.

பேக்கரிக்காரர்தான் தயங்கினார். "சார், படத்துல போட்டிருக்கே."

"அது எதுக்குப் போடறது தெரியுமா? சுவர்ல இருந்து வர்ற கரண்ட்ல 'ஊம்ம்'னு ஒரு இரைச்சல் இருக்கும். அத வடிகட்ட. இங்க சுவரும் இல்ல, ஊமும் இல்ல. பேட்டரி. ஊத்துத் தண்ணி மாதிரி."

"மாவ சலிக்காம போடக்கூடாதுன்னு எங்கப்பா சொல்லுவாரு."

"சலிச்ச மாவ மறுபடி சலிப்பீங்களா?"

அவர் யோசித்தார். "மாட்டேன்."

"அவ்ளோதான்."

தியேட்டர்களில் நாற்பது வருடம் நான் துரத்திய இரைச்சல் எல்லாம் தடித்த குரல்காரர்கள். கீழ் ஸ்தாயியில் முனகுகிறவர்கள். இரைச்சல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குள் ஓர் எண்ணம். எலி பிடிக்க வாசலில் உட்கார்ந்திருந்த எனக்குக் கூரை வழியாகவும் ஆள் வரலாம் என்று தோன்றவில்லை.

ஆறாவது வாரம் மூன்று பெட்டியும் உயிர் பெற்றன. மைக்கை அணைத்துவிட்டு, சத்தத்தை முழுதாகத் திருப்பி, ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்பதுதான் என் சோதனை. நல்ல பெட்டி என்றால் ஒன்றுமே கேட்கக்கூடாது. நான் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. டிரைவர் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. பேக்கரிக்காரர், டீச்சர், எழுப்பிவிடப்பட்ட மச்சான். ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஐந்து பேர் வயதையும் கூட்டினால் முந்நூற்றுக்குக் கொஞ்சம் மேலே வரும். அதை அப்போது யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

"கிணத்துல போட்ட கல்லு மாதிரி அமைதி," என்றார் டிரைவர் கத்தி.

பெட்டிகள் அவரவர் வீட்டுக்குப் போயின. நல்ல செய்திகள் வந்தன. பேக்கரியில் வெண்ணெய் திருடுகிற பூனை ஒன்று உண்டு, துரத்தினால்கூடப் போகாதது. பெட்டியைப் போட்டதிலிருந்து கடைப் பக்கமே வருவதில்லையாம். "பாட்டு அவ்ளோ சுத்தம் சார், திருட்டுக்கே மனசு வரல போல," என்றார். டிரைவர் வீட்டில் மட்டும் சின்னச் சிக்கல். பதினாலு வயது மகள் பெட்டியைப் போட்டதும் தலை வலிக்கிறது என்று கதவைச் சாத்திக்கொள்கிறாளாம்.

"இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு நல்ல சத்தம் பழக்கமில்ல தம்பி. போகப் போகச் சரியாயிடும்," என்று நான் ஆறுதல் சொன்னேன். 

திங்கட்கிழமை டீச்சர் என்னையும் வரச் சொன்னார். "பயமா இருக்கு சார். ஒயர் ஏதாவது கழண்டுச்சுன்னா?" நான் கருவிப் பையை எடுத்துக்கொண்டு போனேன். என்னைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். முழங்கால் முகவாயில் இடித்தது. எனக்குப் பின்னால் பின்கதவை ஒட்டி ஹெட்மாஸ்டர், கையில் நோட்டுப் புத்தகம், காதோரம் நன்றாக நரைத்தவர். முன்னால் முப்பத்தெட்டு பிள்ளைகள், பத்து வயது, எண்ணெய் போட்ட இயந்திரம் மாதிரி ஓயாமல் அசைந்துகொண்டு.

டீச்சர் இடுப்பில் பெட்டியை மாட்டி, மைக்கை வாயருகே திருப்பி, சுவிட்சைப் போட்டார்.

முப்பத்தெட்டு பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம்," என்றார் டீச்சர். பெட்டி அதை அழகாக, அகலமாக, பின்சுவர்வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது. எனக்கு நெஞ்சு நிறைந்தது. கேட்கவேண்டியவர்கள்தான் கேட்கவில்லை. முகத்தைச் சுளித்து, தோளை உயர்த்தி, எலுமிச்சம்பழம் கடித்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

"கைய எடுங்கடா," என்றார் ஹெட்மாஸ்டர்.

எடுத்தார்கள். திரும்பவும் பொத்தினார்கள்.

"என்ன, எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டு வந்திருக்கீங்களா? லீவுல இதத்தான் கத்துக்கிட்டீங்களா?" அவர் டீச்சர் பக்கம் திரும்பினார். "டீச்சர், எனக்கு நல்லாவே கேக்குது. ஒரு எழுத்து விடல. பெட்டி பிரமாதம். நான் கையெழுத்துப் போட்டுடறேன். வகுப்பு உங்களுக்குத்தான். இவனுங்கள முட்டி போட வெச்சா எல்லாம் சரியாயிடும்."

பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார். என் கண் அந்தப் பேனா மேல்தான் இருந்தது. அவர் போட்டு முடிக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். மறைப்பானேன்.

டீச்சர் சுவிட்சை அணைத்தார். கைகள் இறங்கின. முதல் பெஞ்சுச் சிறுமியிடம் குனிந்தார். அவர் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. அவள் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"விசில் டீச்சர். ஊசி மாதிரி."

"யாரும்மா அடிக்கிறது?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"பெட்டிதான் சார்."

"பெட்டியா? எனக்குக் கேக்கலையே."

நான் எழுந்து போய், டீச்சரைப் பெட்டியைப் போடச் சொல்லி, அதில் காதை வைத்தேன். ஊற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. "சுத்தமா இருக்கு சார்," என்றேன் ஹெட்மாஸ்டரிடம். முப்பத்தெட்டு பேர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

டீச்சர் பெட்டியைக் கழற்றினார். அலமாரியின் திறந்த கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவர் கை யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து முப்பத்தெட்டு பேரும் ஒரே நேரத்தில் காதைப் பொத்தினார்கள். பிறகு ஒரே நேரத்தில் விட்டார்கள். நீண்ட நேரம் ஒன்றுமில்லை. திரும்பவும் பொத்தினார்கள். ஏழு முறை. ராணுவத்தில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது. ஒவ்வொரு முறையும் டீச்சர் கதவுக்கு வெளியே தலையை நீட்டி, போட்டதா அணைத்ததா என்று எங்களுக்குத் தலையசைப்பில் சொன்னார். ஒருமுறைகூடத் தப்பவில்லை.

"இவங்க பொய் சொல்லல சார்," என்றார் அவர், ஹெட்மாஸ்டருக்குப் பக்கத்தில் வந்து. "நமக்குத்தான் வயசாயிடுச்சு."

ஹெட்மாஸ்டருக்கு அந்த 'நமக்கு' பிடிக்கவில்லை. என்னைப் பார்த்தார். எனக்கு மட்டும் பிடித்ததா என்ன.

"அப்ப பெட்டி சரியில்லன்னு நீங்களே சொல்றீங்க."

"ஆமா சார்."

"காதப் பொத்திக்கிட்ட பெஞ்சுக்குப் பாடம் கேட்டுச்சுன்னு நான் எப்படி எழுத முடியும்? நான் கையெழுத்துப் போடறேன்னப்ப நீங்க பேசாம இருந்திருக்கலாம்."

"இருந்திருந்தா வருஷம் பூரா இவங்க முட்டி போட்டிருப்பாங்க. பெல் அடிக்கிற வரைக்கும் டைம் குடுங்க சார். இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு. அதுக்குள்ள ஆகலன்னா நானே நூலகத்துக்குப் போயிடறேன்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவை மூடவுமில்லை, எழுதவுமில்லை.

டீச்சர் பெட்டியை மேசையில் வைத்து நாலு திருகாணியையும் கழற்றினார். என் கருவிப் பையிலிருந்து சால்டரிங் அயர்னை எடுத்துச் சுவரில் செருகினார். உள்ளே பார்த்தபோதுதான், அந்தத் தபால் தலை போர்டு என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. பேட்டரி ஊற்றுத் தண்ணீர்தான். ஆனால் இந்தக் குட்டிப் பயல் அந்தத் தண்ணீரை ஒரு நொடிக்குப் பதினைந்தாயிரம் துண்டாக நறுக்கி, நறுக்கி, உயரே அனுப்புகிறான். நறுக்குகிற சத்தம் ஸ்பீக்கர் வழியாக வருகிறது. அவ்வளவு உயரத்தில் அடிக்கிற விசில் ஐம்பது தாண்டிய காதுக்குள் நுழையாது. பத்து வயதுக் காதில் ஊசியாய் இறங்கும். பூனைக் காதில் கடப்பாறையாய் இறங்கியிருக்கும்.

"டீச்சர்," என்றேன். "தப்பு உங்களோடது இல்ல. அந்தக் கபாசிட்டர வேண்டாம்னு அடிச்சது நான். பேக்கரிக்காரர் கேட்டப்பகூட அவர் வாயை அடைச்சேன்." இதை ஹெட்மாஸ்டருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். நான் கலப்பில்லாத உண்மை பேசிய சந்தர்ப்பங்களில் அது ஒன்று. பழக்கமில்லாததால் நாக்கு கொஞ்சம் தடுமாறியது.

"தெரியும் சார். கபாசிட்டர் இருக்கா?" என்றார் டீச்சர். வாத்தியார் வாக்குமூலம் கொடுக்க அது நேரமில்லை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

பையின் அடியில் ஒரு டப்பாவில் ஐந்தே ஐந்து கிடந்தன. எந்த அளவு பொருந்தும் என்று சொல்ல எனக்குக் காது உதவாது. திரை மெஷினை வேண்டாம் என்றவனும் நான்தான். டீச்சர் கரும்பலகைக்குப் போய், குரல் இல்லாததால் பெரிய எழுத்தில் எழுதினார்:

'விசில் கேட்டால் கை தூக்கவும். குறைந்தால் பாதி இறக்கவும். நின்றால் முழுதாக இறக்கவும். யாரும் பக்கத்தில் பார்த்து எழுதக்கூடாது.'

கடைசி வரி பழக்கத்தில் வந்தது போலிருக்கிறது. பிள்ளைகள் உடனே ஒருவரை ஒருவர் பார்க்காமல் நேராக உட்கார்ந்தார்கள்.

பெட்டியைத் திறந்தபடியே போட்டோம். முப்பத்தெட்டு கைகள் எழுந்தன. நான் ஒயரைப் பிடித்துக்கொள்ள, டீச்சர் முதல் கபாசிட்டரின் இரண்டு கால்களையும் இடுக்கியால் அந்த இடத்தில் தொட்டார். முன் பெஞ்சில் நாலைந்து கைகள் மட்டும் முழங்கைவரை தாழ்ந்தன. இரண்டாவது. கைகள் அசையவில்லை. ஒரு பையன் மட்டும் இறக்கி, யோசித்து, திரும்பத் தூக்கினான். மூன்றாவது கொஞ்சம் பெரியது. பாதி வகுப்பு பாதிக் கை. என் தியேட்டர் அனுபவத்தில் இப்படி ஒரு மீட்டரை நான் பார்த்ததே இல்லை. முள்ளுக்குப் பதிலாக முப்பத்தெட்டு கைகள், சிலவற்றில் மை.

"எத்தன நிமிஷம்?" என்றார் டீச்சர் என் காதில்.

"பதினொண்ணு."

நாலாவது, டப்பாவிலேயே குண்டானது. முன் மூன்று பெஞ்சும் அலை பின்வாங்குகிற மாதிரி இறங்கின. பின்னால் ஒரு பத்துக் கை பாதியில் நின்றது. டீச்சர் கபாசிட்டரையும் கைகளையும் பார்த்தார். பிறகு அவராகவே ஒன்று செய்தார். குண்டனோடு கூடவே மிகச் சின்னதாக இன்னொன்றை எடுத்து, இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துத் தொட்டார். பெரியது பிடிக்காததைச் சின்னது பிடிக்கும் என்று நான் எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்ததாகப் பிற்பாடு பல இடங்களில் சொல்லிவிட்டேன், அது வேறு விஷயம்.

பின் பெஞ்சுக் கைகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

டீச்சர் அயர்னை எடுத்தார். நாலே புள்ளி. ஊதி ஆற்றி, மூடியைப் போட்டு, இரண்டு திருகாணி மட்டும் முடுக்கி, இடுப்பில் மாட்டி, சுவிட்சைத் தட்டினார்.

யாரும் காதைப் பொத்தவில்லை. ஒரே ஒரு கை மட்டும் தூக்கியபடி இருந்தது. கடைசி பெஞ்சின் கடைசி ஓரத்தில், ஹெட்மாஸ்டரின் இடுப்புக்குப் பக்கத்தில், இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி.

ஹெட்மாஸ்டர் அந்தக் கையைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவை நோட்டின் மேல் கொண்டுபோனார். நான் டப்பாவுக்குள் கையை விட்டேன். அதில் ஒன்றும் மிச்சமில்லை, ஏற்கெனவே போட்டுப் பார்த்த மூன்றுதான் கிடந்தன.

"இன்னும் கேக்குதாம்மா?" என்றார் அவர்.

"இல்ல சார். எனக்கு வெளிய போகணும். அப்பலேந்து தூக்கிட்டுத்தான் இருக்கேன். எல்லாரும் தூக்கினதால டீச்சருக்குத் தெரியல."

வகுப்பு சிரித்தது. டீச்சர் அத்தனை தூரத்திலிருந்து, கரும்பலகைப் பக்கம் திரும்பிச் சாக்பீஸ் எடுத்துக்கொண்டே, காகிதக் குரலில் மைக்கிடம் சொன்னார்:

"போயிட்டு வா. கதவ அடிச்சுச் சாத்தாத."

அவள் எழுந்தாள். பின்கதவு வழியாக வெளியே போனாள். ஹெட்மாஸ்டரின் முழங்கைக்குப் பக்கத்தில் அந்தக் கதவை இரண்டு கையாலும் பிடித்து, தாழ்ப்பாள் ஓசைகூட எழாமல், மெதுவாகச் சாத்தினாள்.

அவள் சாத்திய கதவை ஹெட்மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். நோட்டில் ஒரு வரி எழுதினார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்த்தேன், கையெழுத்து டாக்டர்களையே மிஞ்சியது. பேனாவை மூடி, சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு டீச்சர். பாடத்த ஆரம்பிங்க," என்று சொல்லிவிட்டு அவரும் கதவை அடித்துச் சாத்தாமல் வெளியேறினார்.

நான் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு நழுவப் பார்த்தேன். பெட்டி வழியாக என் பின்கழுத்தில் வந்து தொட்டது டீச்சரின் குரல்.

"சார், பீரியட் முடியல. உக்காருங்க. முந்நூறுல முப்பத்தெட்டு தடவ ஏழு போனா மிச்சம் எவ்ளோ?"

முப்பத்தேழு முகங்களும் திரும்பின. எனக்கு விடை தெரியும். இருந்தாலும் அந்த இரட்டைச் சடைக்காரி திரும்பி வந்து சொல்லட்டும் என்று நான் காது கேட்காதவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். டீச்சர் அதை நம்பவில்லை. சத்தத்தை இன்னொரு புள்ளி கூட்டினார்.